ஹென்டர்சனுக்குப் போன சனிக்கிழமை

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறவர்களுக்குச் சனி, ஞாயிறு என்று தனியாக ஒன்று கிடையாது. வெள்ளிக்கிழமையோடு யாரும் நோயை நிறுத்தி வைப்பதில்லை. அதனால் ஒரு சனிக்கிழமை முழுதாக ஓய்வு கிடைத்ததும், அதே நாளுக்குத் தம்பி சற்குணம் ஒருநாள் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்து வந்ததும் ஒன்றாக அமைந்தபோது, இராசமலர் அதைத் தன் அதிர்ஷ்டம் என்றே நினைத்தாள்.

"மடங்கள், பழங்கால இடங்கள், வைன் தோட்டங்கள். மத்தியானச் சாப்பாடும் தருவினம்," என்றான் சற்குணம்.

"வைன் தோட்டத்தில எனக்கென்ன வேலை?"

"நீ குடிக்கத் தேவையில்லை அக்கா. சும்மா பார். ஒன்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறாய், மனுரேவாவையும் ஆஸ்பத்திரியையும் விட்டா என்ன கண்டனீ?"

அது உண்மைதான். 1979இல் ஆக்லாந்துக்கு வேலை விசாவில் தனியாக வந்தவள் அவள். வந்த காலத்திலிருந்து இரவு வேலையும் பகல் வேலையுமாக ஓடி, மனுரேவாவில் ஒரு சிறிய மரவீட்டை மார்ட்கேஜில் வாங்கினாள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருக்க இடமில்லாமல் நின்ற தம்பியை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டாள். அவனுக்கு ஒடாஹுஹுவில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. பிறகு ஊரில் பெண் பார்த்து, புஷ்பவதியையும் கூப்பிட்டாயிற்று. இப்போது புஷ்பவதிக்கு வயிற்றில் ஐந்து மாதம். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

இராசமலருக்கு நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் போயின. பிறகு அவளே அந்தக் கதையைத் தள்ளிவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் சற்குணம் யாரோ ஒரு கணக்காளரைப் பற்றிப் பேச்செடுத்தபோது, குசினியில் வைத்து நேராகவே சொன்னாள்: "எனக்கு இப்ப இருக்கிறது பிடிச்சிருக்கு. இனி இந்தக் கதை என்னட்டை எடுக்காதை." அவனும், "சரி அக்கா, எடுக்க மாட்டன்," என்று வாக்குக் கொடுத்தான். அதன் பிறகு எடுக்கவுமில்லை. அவள் அதை அத்துடன் மறந்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை புஷ்பவதி அவளுடைய அறைக்கு வந்து, "மச்சாள், அந்த மாம்பழக் கலர் சீலையைக் கட்டுங்கோவன்," என்றாள்.

"பஸ்ஸில ஏறி இறங்கிறதுக்குச் சீலை என்னத்துக்கு?"

"படம் எடுப்பம். சீலையெண்டால்தான் படத்துக்கு வடிவு."

கர்ப்பிணிப் பெண் ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்று இராசமலர் சீலையைக் கட்டிக்கொண்டாள்.

ஒடாஹுஹு ஸ்டேஷன் வாசலில் சுற்றுலா வான் வண்டி வந்து நின்றது. வழிகாட்டியாக வந்தவள் நோலா என்ற ஒரு வெள்ளைக்காரி. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ரீச்சர், வெயிலில் சிவந்த கைகளும் பெரிய தொப்பியுமாக இருந்தாள். உள்ளே இரண்டு வயோதிபத் தம்பதிகளும் கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து வந்த இரண்டு சகோதரிகளும் இருந்தார்கள். நடுச் சீட்டில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தமிழர் தனியாக அமர்ந்திருந்தார்.

"அட, ஏரம்பமூர்த்தி அண்ணை! நீங்களும் இதிலையோ?" என்றான் சற்குணம்.

அவ்வளவு சத்தம் தேவையில்லாதது. இராசமலருக்கு அது ஒரு கணம் உறுத்தியது. ஆனால் ஆக்லாந்தில் அப்போதிருந்த தமிழர்களை ஒரு மண்டபத்தில் அடக்கிவிடலாம்; ஒருவரை ஒருவர் கண்டால் சத்தம் போடுவது வழக்கம்தான். சற்குணமும் புஷ்பவதியும் பின்சீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது அந்த மனிதருக்குப் பக்கத்து இடம். அவள் அதில் உட்கார்ந்தாள்.

அவர் ஹமில்டனில், கவுன்சிலில் நிலம் அளக்கிற சேர்வேயராக இருக்கிறாராம். மனைவி இறந்து மூன்று வருடமாம். ஆள் நிதானமாகக் கதைத்தார். இடையிடையே அவளைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் வன் ட்ரீ ஹில்லுக்குப் போனார்கள். உச்சியில் ஒற்றைப் பைன் மரமும் தூணும் நின்றன. அவற்றைப் பார்க்க விடாமல் நோலா எல்லோரையும் சரிவுப் பக்கம் கூட்டிப்போனாள். மலை முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்டிருந்தது. எரிமலை அடங்கிப்போன பிறகு மாவோரி மக்கள் இங்கே கோட்டை கட்டி வாழ்ந்தார்கள், வெள்ளைக்காரன் கப்பலில் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னமே இது ஒரு பெரிய ஊர் என்றாள். குமரா என்று இங்கே சொல்லும் வத்தாளங்கிழங்கைச் சேமித்து வைத்த குழிகளைக் காட்டினாள். குழிகளில் இப்போது செம்மறிகள் படுத்திருந்தன.

"இந்த மட்டத்தைப் பாருங்கோ," என்றார் ஏரம்பமூர்த்தி. "கல்லாயுதத்தையும் தடியையும் வைச்சு வெட்டினது. நாங்கள் இப்ப கருவி வைச்சு லெவல் எடுத்தும் இப்பிடி வராது."

"மழைத் தண்ணி எங்காலை போகும்?"

அவர் குனிந்து, கையால் சரிவைக் காட்டி விளக்கினார். நல்ல விளக்கம். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு செம்மறி அவருடைய கழுத்துப்பட்டியை மோந்து பார்க்க வந்தபோது சிரித்தும்விட்டாள். புஷ்பவதி படம் எடுத்தாள். சற்குணமும் புஷ்பவதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை இராசமலர் கண்டாள். அக்கா சிரிக்கிறாள் என்று சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமோ?" என்று ஏரம்பமூர்த்தி கேட்டார். "ஹமில்டனில காலமையில மூடுபனி கூட."

"இஞ்சையும் குளிர்தானே," என்றாள் அவள், ஏன் கேட்கிறார் என்று விளங்காமல்.

அங்கிருந்து கிட்டத்தில்தான் கன்னியர் மடம். வெளியே வராமல், உள்ளேயே இருந்து பிரார்த்திக்கிற கன்னியாஸ்திரிகள். விருந்தினர் அறையில் கம்பித் தடுப்புக்கு அப்பால் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். வயதானவள், நன்றாகச் சிரித்தாள். கிறைஸ்ட்சேர்ச் சகோதரிகளில் ஒருத்தி, வீட்டார் வற்புறுத்தி அனுப்பினார்களா என்று வெளிப்படையாகவே கேட்டுவிட்டாள்.

அந்தக் கன்னியாஸ்திரி கோபிக்கவில்லை. வற்புறுத்தவில்லை, அப்பா ஒரு வருடம் என்னோடு பேசவே இல்லை என்றாள். இங்கே ஒவ்வொரு துறவு வாக்குறுதி கொடுக்கிறபோதும் எல்லார் முன்னிலையிலும் கேட்பார்கள், சொந்த விருப்பத்தில்தான் வந்தாயா என்று. வாய் திறந்து ஓம் என்று சொல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள்.

பிறகு தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். எலுமிச்சை மரத்தடியில் ஏரம்பமூர்த்தி பேர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடச் சீருடையில்.

"இது மூத்தவள். இது சின்னவள்."

"நல்ல வடிவான பிள்ளையள்."

"மூத்தவளுக்குக் கொஞ்சம் கோபம். இப்ப ரெண்டு கிழமையா என்னோடை சரியாக் கதைக்கிறாள் இல்லை. தாயின்ரை இடத்துக்கு இன்னொராள் வாறதெண்டால் அப்பிடித்தானே இருக்கும். நீங்கள் வந்து பழகினாப் பிறகு சரியாகிவிடும்."

அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் முதலில் அவளுக்குப் பட்டது. "ஆர் வந்து?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "சற்குணம் சொன்னவர், நீங்கள் சரியான கூச்சம், நேரடியாகக் கதைக்க வேண்டாம் எண்டு. ஆனா நாங்கள் சின்னப்பிள்ளையள் இல்லைத்தானே. ஜூனில கலியாண எழுத்து வைக்கிறது எனக்குச் சரி. நீங்கள் வேலையை விடுறதெண்டதும், வீட்டைத் தம்பிக்கு விட்டிட்டு வாறதெண்டதும் உங்கடை நல்ல மனசு. நானா ஒண்டும் கேக்கேல்லை. அதை நீங்கள் தெரிஞ்சிருக்க வேணும்."

இராசமலர் படத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு இதொண்டும் தெரியாது," என்றாள்.

"ஓம், ஓம்," என்று அவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார். "இப்பிடித்தான் சொல்லுவீங்கள் எண்டும் சற்குணம் சொன்னவர்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை வந்தது திகைப்பு. அவள் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு அர்த்தத்தை முன்கூட்டியே வைத்து அனுப்பியிருக்கிறான் தம்பி. இல்லை என்றாலும் கூச்சம், தெரியாது என்றாலும் கூச்சம். தன் சொந்த வாயில் வருகிற சொல்லுக்கு இந்த மனிதரிடம் மதிப்பில்லாமல் ஆக்கிவிட்டான். அவள் மறுபடி வாய் திறப்பதற்குள் நோலா கையைத் தட்டி எல்லோரையும் வானுக்குக் கூப்பிட்டாள்.

வானில் அவள் நடுச்சீட்டுக்குப் போகவில்லை. பின்சீட்டுக்குப் போய்ச் சற்குணத்துக்கும் யன்னலுக்கும் இடையில் தன்னை நெருக்கி உட்கார்ந்தாள்.

"அந்தாளுக்கு என்ன சொன்னனீ?"

"எந்த ஆளுக்கு?" என்றான் அவன். ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஜூனில எழுத்தாம். வேலையை விடுறனாம். வீட்டை உனக்கு விடுறனாம்."

"மெதுவாக் கதை அக்கா. முன்னுக்குக் கேக்கும். வீட்டை போய்க் கதைப்பம்."

"இப்ப கதை."

"அடுத்த இடம் வந்திட்டுது," என்றான் சற்குணம், வராத இடத்தை யன்னலால் பார்த்துக்கொண்டு.

அடுத்த இடம் கெல்ஸ்டன் பக்கத்தில் ஒரு பௌத்த மடம். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற வீடுகளைப்போல ஒரு வீடுதான். உள்ளே சுவர்களை எடுத்து ஒரே கூடமாக்கி, தங்கநிறப் புத்தரை வைத்திருந்தார்கள். தாய்லாந்துத் துறவி ஒருவர் வாசலில் நின்று, சப்பாத்துகளைக் கழற்றச் சொன்னார். உள்ளே யாரும் பேசக்கூடாது, சிறிது நேரம் எல்லோரும் கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றார்.

சற்குணம் சட்டென்று போய்ச் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வீட்டில் சாமிப்படத்துக்கு முன்னால்கூட அவன் அவ்வளவு பக்தியாக இருந்து இராசமலர் கண்டதில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூச்சைக் கவனித்தாள். அது குறுக்கும் மறுக்குமாக ஓடியது. காது இரண்டும் கொதித்தன. மூடிய கண்ணுக்குள், குசினியில் நின்று "சரி அக்கா" என்று சொன்ன தம்பிதான் வந்தான். அந்த "சரி"யைச் சொன்னபோது அவன் தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டு நின்றான். இவனுக்கு ஸ்பொன்சர் கடிதம் எழுத ஆள் தேடி அலைந்தேன். விமான நிலையத்தில் இவன் இறங்கியபோது போட்டிருந்த சேர்ட் இரவல். நான் கேட்டேனா, என்னை ஹமில்டனுக்கு அனுப்பு என்று? கம்பிக்குப் பின்னால் இருக்கிறவளைக்கூட எல்லார் முன்னாலும் கேட்கிறார்கள்.

"அமைதி கிடைத்ததா?" என்று துறவி முடிவில் பொதுவாகக் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இராசமலர் ஆட்டவில்லை.

மத்தியானச் சாப்பாடு ஹென்டர்சனில், ஒரு வைன் தோட்டத்தில். யூகோஸ்லாவியாவின் கடற்கரைப் பக்கமிருந்து வந்த குடும்பம். பாட்டன் காலத்தில் காட்டில் கௌரி என்ற மரத்தின் பழைய பிசினை மண்ணிலிருந்து தோண்டிய ஆட்கள், பிறகு திராட்சை நட்டவர்களாம். நோலா இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அறுவடைக் காலம். கொட்டகை முழுவதும் நசுங்கிய பழத்தின் புளிப்பு மணம். பெரிய பீப்பாய்களுக்கு முன்னால் நீள மேசை போட்டு, சிறிய கிளாஸ்களில் வெள்ளை வைனும் ஷெரியும் ஊற்றிக் கொடுத்தார்கள்.

சற்குணம் முதல் கிளாஸை ஒரே மடக்கில் குடித்தான். இரண்டாவதையும் அப்படியே குடித்தான். இராசமலர் மூன்றாவது கிளாஸை அவன் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

"ஏரம்பமூர்த்தி," என்று கூப்பிட்டாள். அவர் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்பி வந்தார். "இவன் உங்களுக்குச் சொன்னதை என்ரை முன்னாலை ஒருக்காச் சொல்லட்டும். நீங்களும் நில்லுங்கோ."

"அக்கா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். எனக்கு என்ன வயது எண்டு சொன்னனீ?"

சற்குணம் மேசையில் இருந்த கிளாஸுக்குக் கை நீட்டினான். ஏரம்பமூர்த்திதான், "முப்பத்திமூண்டு," என்றார்.

"எனக்கு நாப்பது. கல்யாணம் வேண்டாம் எண்டு இவனுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னம் சொல்லிப்போட்டன். உங்கடை பேரை எனக்கு இண்டைக்குக் காலமைதான் தெரியும். வேலையை நான் விடேல்லை. வீட்டையும் ஆருக்கும் குடுக்கேல்லை. இது கூச்சம் இல்லை. விளங்குதோ?"

அவருடைய முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. அவள் எதிர்பார்த்ததுபோல அவர் முதலில் சற்குணத்தின் பக்கம் திரும்பவில்லை.

"மலையில என்னோடை சிரிச்சுக் கதைச்சனீங்கள்," என்றார்.

"மலையைப் பற்றிக் கதைச்சன்."

"படத்துக்கு நிண்டனீங்கள். சீலை கட்டிக்கொண்டு வந்தனீங்கள். ஒண்டும் தெரியாமல் ஆரும் இப்பிடி வருவினமோ?"

"சுத்திப் பாக்க எண்டு கூட்டிக்கொண்டு வந்தவை. நான் சுத்திப் பாக்க வந்தனான். சீலை கட்டினால் அதுக்குப் பேர் சம்மதமோ?"

அவர் சற்குணத்தின் பக்கம் திரும்பி, "என்ரை பிள்ளையளுக்கு நான் சொல்லிப்போட்டன்," என்றார். "மூத்தவள் ரெண்டு கிழமையா அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள். ஒண்டும் இல்லாத ஒரு விசயத்துக்கு. அவளுக்கு இப்ப நான் என்னெண்டு சொல்லுறது?"

"அண்ணை, அவ இப்ப கோபத்தில நிக்கிறா. ரெண்டு நாள் விட்டால்..."

"ரெண்டு நாள் விட்டால்?" என்றாள் இராசமலர்.

சற்குணத்துக்கும் ரோசம் வந்துவிட்டது, வைனும் சேர்ந்துகொண்டது. "உன்னைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாய்? மாட்டன் எண்டுதானே."

"ஓம். மாட்டன் எண்டு சொல்லுறதுக்கும் ஒரு ஆளுக்கு இடம் விடுறதுக்குத்தானே கேக்கிறது."

"உனக்கு நல்லதுக்குத்தான் செய்தனான். இன்னும் எத்தனை காலத்துக்கு இப்பிடி? சபாரத்தினம் வீட்டுக்குப் போனால் கேக்கினம், மகேசன் வீட்டுக்குப் போனால் கேக்கினம், அக்காவைக் கரை சேர்க்காமல் நீ கல்யாணம் கட்டிக்கொண்டு இருக்கிறாய் எண்டு. அக்காவின்ரை வீட்டில ஒதுங்கி இருக்கிறவன் எண்டு என்ரை முதுகுக்குப் பின்னாலை சிரிக்கினம். அது உனக்குத் தெரியுமோ?"

"அப்ப வீடு உனக்கு வேணும். அதைச் சொல்லு. என்ரை நல்லதை ஏன் இழுக்கிறாய்?"

புஷ்பவதி வெளியே திராட்சைப் பந்தலடியில், கதிரையில் உட்கார்ந்திருந்தாள். குரல்கள் கேட்டு எழுந்து வந்தாள். அவளுக்குப் புருஷனைப்போலச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"பிள்ளை வரப்போகுது மச்சாள்," என்றாள் அழுதுகொண்டு. "அந்தச் சின்ன அறைக்குள்ளை நாங்கள் மூண்டு பேரும் எப்பிடி இருக்கிறது? வெளியில வாடகைக்குப் போறதெண்டால் இவரின்ரை சம்பளம் காணாது. உங்களுக்கும் ஒரு துணை, எங்களுக்கும் ஒரு இடம் எண்டுதான் யோசிச்சனாங்கள்."

இராசமலர் அவளைப் பார்த்தாள். "என்னட்டைக் கேட்டிருக்கலாம். என்ரை பெரிய அறையைத் தந்திட்டு நான் சின்ன அறைக்குப் போயிருப்பன்."

அது வெறும் பேச்சில்லை. உண்மையாகவே மாசி மாதத்தில் அவள் அப்படி யோசித்தாள். குழந்தைக்கு யன்னல் பக்கம் கட்டில் போடலாம் என்று அளந்தும் பார்த்தாள். அதைச் சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வரப்பார்த்தது. அந்தப் பலவீனத்துக்காகவும் சேர்த்து அவர்கள்மேல் கோபம் வந்தது.

இதற்குள் கொட்டகை அமைதியாகிவிட்டது. மற்றப் பிரயாணிகள் கிளாஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு பீப்பாய்களை உற்றுப் பார்த்தார்கள். நோலா மெதுவாக வந்து, வெயிலும் வைனும் சேர்ந்தால் எல்லோருக்கும் இப்படித்தான், கோப்பி கொண்டுவரச் சொல்லட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை," என்று இராசமலர் அதே மொழியில் பதில் சொன்னாள். "என் தம்பி என்னை எனக்குத் தெரியாமல் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறான். அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்."

நோலா சற்குணத்தை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது வருடம் வகுப்பில் நின்றவளின் பார்வை அது. பிறகு மற்றவர்களை, திராட்சை நசுக்கும் இயந்திரத்தைப் பார்க்க வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏரம்பமூர்த்தி சாப்பிடவில்லை. இரண்டாவது வைன் தோட்டத்துக்கு வான் புறப்பட்டபோது ஏறவும் இல்லை. ஹென்டர்சன் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் லிங்கன் ரோட் வழியே நடந்தார். வான் அவரைக் கடந்து போனது. மார்ச் மாத வெயிலில், கழுத்துப்பட்டியைக்கூடத் தளர்த்தாமல், நிலத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். அவர்மேல் இராசமலருக்கு இரக்கம் வந்தது. ஆனால் "ஓம், ஓம்" என்று சிரித்த சிரிப்பும் கூடவே வந்தது. இரக்கம் அந்தளவில் நின்றுவிட்டது.

அவள் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். இரண்டாவது தோட்டத்தில் இறங்கவில்லை.

ஒடாஹுஹு ஸ்டேஷனில் இறங்கியதும், அவர்களுடைய காருக்குப் பக்கத்தில் நின்று அவள் சொன்னாள்: "நீங்கள் ரெண்டு பேரும் வேறை இடம் பாருங்கோ."

"இவளின்ரை இந்த நிலைமையிலையோ?" என்றான் சற்குணம்.

"ஓம். இந்த நிலைமையிலைதான் நீங்கள் எனக்கு வேறை இடம் பாத்தனீங்கள்."

அவன் அதை அந்த நேரத்துக் கோபம் என்று நினைத்தான். அடுத்த நாளும் அவள் அதையே சொன்னாள். அடுத்த கிழமையும் சொன்னாள். சமைத்தாள், புஷ்பவதிக்கு வைத்தியரிடம் போகும் நாளில் தானே கார் ஓட்டினாள். வாடகை வீட்டுக்குக் கட்டவேண்டிய முன்பணத்தையும் கொடுத்தாள். சொல்லை மட்டும் மாற்றவில்லை.

தமிழர் மத்தியில் கதை பரவியது. பரவியபோது அதில் ஏரம்பமூர்த்தியும் இல்லை, வைன் தோட்டமும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சியை வீட்டைவிட்டுத் துரத்தினவள் என்பது மட்டும் மிஞ்சியது. சமரசம் பேச மகேசன் வந்தார். சங்கத்தில் எல்லோருடைய பிணக்கையும் தீர்த்து வைக்கிற மனிதர். தேநீரைக் குடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் ஆம்பிளைப் பிள்ளை, ஒரு அவசரத்தில செய்திட்டான். நீங்கள் மூத்தவ, நீங்கள்தான் விட்டுக்குடுக்க வேணும்," என்றார்.

"உங்கடை கையெழுத்தை உங்கடை தம்பி போட்டால் விட்டுக்குடுப்பீங்களோ?" என்று அவள் கேட்டாள்.

"அது வேறை, இது வேறை."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்," என்று சொல்லி, அவர் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மகேசனும் எழும்ப வேண்டியதாயிற்று.

சற்குணமும் புஷ்பவதியும் ஒடாஹுஹுவில், ஒரு சில்லறைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை எடுத்துப் போனார்கள். போகிற அன்று சற்குணம் அக்காவோடு கதைக்கவில்லை. சாவியை மேசையில் சத்தமாக வைத்தான். தனக்குத்தான் அநியாயம் நடந்தது என்று அவன் மனதார நம்பினான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரத்தைக் கொடுத்தது. அவன் ஒருதரம், ஒரே ஒருதரம், பிழை என்று சொல்லியிருந்தால் வாசலில் வைத்தே பெட்டிகளைத் திருப்பி இறக்கச் சொல்லியிருப்பாள். அவன் சொல்லவில்லை.

ஏரம்பமூர்த்தி வைகாசியில் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நீங்கள் தெரியாது எண்டு சொன்ன நேரம் நான் சிரிச்சன்," என்றார். "அது பிழை. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"ஓம், பிழைதான்," என்றாள் அவள். பிறகு, "மூத்த பிள்ளை கதைக்கிறாவோ?" என்று கேட்டாள்.

"கதைக்கிறாள். ஆனா இனி இப்பிடியொண்டைத் தன்னட்டைக் கேட்டிட்டுத்தான் செய்ய வேணுமாம்."

"அது நியாயம்."

அவ்வளவுதான் கதைத்தார்கள். அவர் மறுபடி எடுக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஜூலையில் புஷ்பவதிக்குப் பெண்குழந்தை பிறந்தது. இராசமலர் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயேதான். குழந்தையின் இரத்தம் அடங்கிய சிறு குழாய் ஆய்வுகூடத்துக்கு வந்தபோது, அதில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியவந்தது. சற்குணம் சொல்லி அனுப்பவில்லை. அவள் பரிசோதனையை முடித்து, எல்லாம் சரி என்று எழுதிவிட்டு, வெள்ளைக் கோட்டோடு மேல்மாடிப் பிரசவ வார்டுக்குப் போனாள்.

குழந்தை நல்ல நிறை. கண் திறக்காமலே கையை ஆட்டியது. இராசமலர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். புஷ்பவதி தலையணையில் நிமிர்ந்து, "மச்சாள், அந்தக் கடை மாடி ஒரே ஈரம். சுவரெல்லாம் பூஞ்சணம். நாங்கள் திரும்பி வரலாமோ?" என்று கேட்டாள். இந்தமுறை அவள் அழவில்லை.

"சற்குணம் கேக்கச் சொன்னவனோ?"

"இல்லை. நான்தான் கேக்கிறன்."

இராசமலர் குழந்தையின் போர்வையைச் சரி செய்தாள். யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இல்லை புஷ்பவதி. வர வேண்டாம். ஈரமில்லாத ஒரு இடம் மனுரேவாவில என்னோடை வேலை செய்யிற ஒருத்தியின்ரை இருக்கு. நான் கேட்டுச் சொல்லுறன். பிள்ளையை எப்ப வேணுமெண்டாலும் கொண்டு வாங்கோ. இருக்க வர வேண்டாம்."

புஷ்பவதி தலையசைத்தாள். கோபித்தாளா, ஆறுதல்பட்டாளா என்று முகத்தில் தெரியவில்லை.

சற்குணம் வெளியே தாழ்வாரத்தில் நின்றான். அக்காவைக் கண்டதும் சுவரிலிருந்து நிமிர்ந்தான். வாயைத் திறந்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று அவளும் நின்றாள்.

"பிள்ளையைப் பாத்தனீயோ?" என்றான்.

"பாத்தன். வடிவான பிள்ளை."

இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் வேறொன்றும் சொல்லவில்லை. அவள் படியிறங்கி வேலைக்குப் போனாள்.